எஸ்எஸ்டியை நம்பலாமா? நம்ம நெல்லைப் பக்கம் அடிக்கடி கேக்குத கேள்விகளும் பதிலும்

வண்ணாரப்பேட்டை, பாளை, டவுன்னு எந்த சர்வீஸ் கடைக்குப் போனாலும் இப்போ முதல் வேலையே பழைய லேப்டாப்ல ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிட்டு எஸ்எஸ்டி (சுத்துத தட்டு இல்லாம சிப்புலயே டேட்டாவை வைக்கிற டிஸ்க்) போடுததுதான். கேக்குத கேள்வியும் பெரும்பாலும் ஒண்ணுதான், "அண்ணாச்சி, இது எத்தனை நாள் வரும்?" அதுக்கும் அதை ஒட்டி வார மத்த கேள்விகளுக்கும் என்கிட்ட வாரவங்ககிட்ட என்ன சொல்லுவேனோ அதையே இங்க விளக்கமா எழுதுதேன்.

எஸ்எஸ்டில இவ்வளவுதான் எழுத முடியும், அதுக்கு மேல செத்துரும்னு சொல்லுதாவளே, அப்போ ஹார்ட் டிஸ்க்கே நல்லதா?

எழுதுததுக்கு ஒரு அளவு இருக்குங்கது உண்மை. உள்ள இருக்கது நாண்ட் ஃபிளாஷ் சிப்பு, ஒவ்வொரு செல்லுலயும் எலக்ட்ரானை அடைச்சு வச்சுத்தான் டேட்டாவைக் காப்பாத்துது, அழிச்சு அழிச்சு எழுதும்போது அந்த எலக்ட்ரானை வெளிய விடாம பிடிச்சு வைக்கிற மெல்லிசான படலம் கொஞ்சம் கொஞ்சமா பழுதாவும், ஒரு கட்டத்துல அந்த செல்லு டேட்டாவைப் பிடிச்சு வைக்காது. ஆனா எஸ்எஸ்டிக்குள்ள இருக்க கன்ட்ரோலர் ஒரே இடத்துல திருப்பித் திருப்பி எழுதாம எல்லா இடத்துக்கும் பிரிச்சுப் பிரிச்சு எழுதும், கெட்டுப்போன பிளாக்கை ஒதுக்கிட்டு உபரியா வச்சிருக்க பிளாக்கை எடுத்துக்கிடும். அதனால வீட்டுல, கடையில ஓடுத எஸ்எஸ்டி எழுதி எழுதித் தேஞ்சு சாவுதது ரொம்ப அபூர்வம். எல்லாரும் பயப்படுதது இதுக்கு, ஆனா அது சாவுதது வேற காரணத்துல, அதைத்தான் கீழ சொல்லுதேன்.

டெக் ரிப்போர்ட்னு ஒரு அமெரிக்கத் தளத்துல 2013ல ஆரம்பிச்சு 2015 வரைக்கும் ஆறு எஸ்எஸ்டியை நிறுத்தாம எழுதி எழுதிக் கொன்னு பாத்தாவ, எல்லாமே 250 ஜிபி ரகம்தான். ஆறுமே 700 டிபிக்கு (டிபின்னா டெராபைட், ஆயிரம் ஜிபி) மேல தாண்டிருச்சு, கடைசியா நின்ன சாம்சங் 840 ப்ரோ 2400 டிபிக்கு மேல எழுதின பிறகுதான் கண்ணை மூடிச்சு. அது அந்தக் காலத்து சிப்பு, இப்போ வாரது வேற ரகம், இருந்தாலும் கம்பெனிக்காரன் டப்பாவுல போட்டிருக்க அளவு எவ்வளவு பயந்து போட்டதுங்கது இதுலயே தெரியுதுல்லா.

அந்த டிபிடபிள்யூ கணக்கை எப்படிப் பாக்கணும்?

எத்தனை டெராபைட் எழுதலாம்னு கம்பெனி வாரண்டிக்காக சொல்லுத அளவுதான் டிபிடபிள்யூ. உதாரணத்துக்கு சாம்சங் 870 ஈவோ 500 ஜிபிக்கு 300, 1 டிபிக்கு 600, வாரண்டி 5 வருஷம், இதுல எது முதல்ல முடியுதோ அத்தோட வாரண்டி முடிஞ்சுது.

ஜவுளிக் கடையில பில் போடுத கம்ப்யூட்டரையே எடுத்துக்கோங்க, டாலி ஓடும், பிரவுசர் ஓடும், விண்டோஸ் அப்டேட் வரும், தாராளமா ஒரு நாளைக்கு 20 ஜிபி எழுதுதுன்னு வைப்போம். வருஷத்துக்கு 7.3 டிபி ஆச்சு, 300ஐ அதால வகுத்தா 41 வருஷம் வருது. அந்தக் கம்ப்யூட்டரோட மதர்போர்டு அத்தனை நாள் இருக்குமா சொல்லுங்க.

கல்யாண வீடியோ எடுக்க ஸ்டூடியோக்காரங்க கணக்கு வேற. ஒரு கல்யாணத்துக்கு ரெண்டு மூணு கேமரா, ட்ரோன்னு சேத்து 400 ஜிபி வந்துரும், வாரத்துக்கு மூணு கல்யாணம்னா 1.2 டிபி, வருஷம் முழுக்க இப்படியே ஓடுனாலும் 62 டிபி பக்கம்தான், நம்ம ஊருல ஆடியும் மார்கழியும் முகூர்த்தமே கிடையாது, அதனால அதுலயும் குறையும். எடிட்டிங், எக்ஸ்போர்ட் எல்லாம் சேத்து ரெட்டிப்பா ஆவுதுன்னே வச்சாலும் 600 டிபிடபிள்யூ உள்ள 1 டிபி எஸ்எஸ்டி வாரண்டி முடியுத வரைக்கும் ஓடிரும். ஸ்டூடியோக்காரங்க தேய்மானத்துக்குப் பயப்பட வேண்டாம், ஒரே காப்பியா வச்சிருக்கியளே அதுக்குத்தான் பயப்படணும்.

சிசிடிவி ரெக்கார்டர்ல எஸ்எஸ்டி போடலாமா? சத்தம் இல்லாம இருக்குமே?

வேண்டாம். இது ஒண்ணுலதான் தேய்மானக் கணக்கு நிஜமாவே கையைக் கடிக்கும். எட்டு கேமரா, ஒவ்வொண்ணும் நொடிக்கு 4 மெகாபிட்னா மொத்தம் 32 மெகாபிட், அதாவது நொடிக்கு 4 எம்பி, ஒரு நாளைக்கு 345 ஜிபி, வருஷத்துக்கு 126 டிபி. 300 டிபிடபிள்யூ உள்ள 500 ஜிபி எஸ்எஸ்டி ரெண்டரை வருஷம் ஆவதுக்குள்ள அளவைத் தாண்டிரும், அது போதாதுன்னு ஒன்றரை நாள் ரெக்கார்டிங்தான் அதுல நிக்கும். இதுக்குன்னே செஞ்ச சர்வைலன்ஸ் ஹார்ட் டிஸ்க் இருக்கு, அதை வாங்கிப் போடுங்க.

தேய்மானம் இல்லைன்னா வேற எதனாலதான் சாவுது?

மூணு காரணம், கன்ட்ரோலர், ஃபர்ம்வேர், கரண்ட். மூணுலயும் ஒரு பொதுவான குணம் என்னன்னா சொல்லாமக் கொள்ளாம நடக்கும். ஹார்ட் டிஸ்க் சாவுததுக்கு முன்னாடி டிக் டிக்னு சத்தம் போடும், மெதுவாவும், நம்மளுக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். எஸ்எஸ்டி நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா ஓடிட்டு இன்னைக்குக் காலையில பயாஸ்லயே (விண்டோஸ் வாரதுக்கு முன்னாடி உள்ள செட்டிங் பக்கம்) பேர் காட்டாது.

ஃபர்ம்வேர்னா எஸ்எஸ்டிக்குள்ள ஓடுத மென்பொருள், எந்த டேட்டா எந்தச் சிப்புல இருக்குங்க கணக்கெல்லாம் அதுகிட்டதான். அதுல ஒரு தப்பு இருந்தா சிப்பு புதுசா இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. க்ரூஷியல் எம்4 எஸ்எஸ்டி 5184 மணி நேரம் ஓடி முடிஞ்ச பிறகு மணிக்கு ஒரு தடவை தொங்கிப்போவ ஆரம்பிச்சுது, 2012 ஜனவரில ஃபர்ம்வேர் விட்டுத்தான் சரி பண்ணுனாவ. எச்பிஇ கம்பெனி சர்வருக்குப் போட்ட சில எஸ்எஸ்டி சரியா 32,768 மணி நேரம் ஆனதும், அதாவது 3 வருஷம் 270 நாள் 8 மணி நேரத்துல, டேட்டாவோட சேந்து போயிரும்னு 2019 நவம்பர்ல அவங்களே அறிவிச்சாவ. ஒரே நாள்ல மாட்டின எஸ்எஸ்டி நாலும் ஒரே நாள்ல போனா ரெய்டு (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பிக்கிட பல டிஸ்க்கைச் சேத்துக் கட்டுதது) போட்டு வச்சிருந்தும் என்ன செய்ய. சாம்சங் 980 ப்ரோல ஒரு ஃபர்ம்வேர் வெர்ஷன்ல டிரைவ் திடீர்னு எழுதவே விடாம பூட்டிக்கிட்ட கதை 2023ல பெருசா பேசப்பட்டுது, அதுக்கும் புது ஃபர்ம்வேர் வந்துது. நல்ல கம்பெனின்னு பேர் எடுத்தவங்கதான் இவ்வளவு பேரும்.

இதனாலதான் வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது ஃபர்ம்வேர் அப்டேட் இருக்கான்னு பாக்கச் சொல்லுதேன். சாம்சங்னா மேஜிஷியன், டபிள்யூடின்னா டாஷ்போர்டு, அந்தந்தக் கம்பெனி சாஃப்ட்வேர் இருக்கு. அப்டேட் போடுததுக்கு முன்னாடி முக்கியமானதை வேற இடத்துல காப்பி எடுத்துட்டுப் போடுங்க, நடுவுல கரண்ட் போவாத மாதிரியும் பாத்துக்கிடுங்க.

மொத்தத்துல ஹார்ட் டிஸ்க்கை விட நல்லதா இல்லையா, அதைச் சொல்லுங்க.

உசுரோட இருக்குததுல எஸ்எஸ்டிதான் மேல். பேக்பிளேஸ்னு அமெரிக்காவுல ஒரு பேக்கப் கம்பெனி அவங்க சர்வர்ல ஓடுத டிஸ்க் எத்தனை செத்துச்சுன்னு வருஷா வருஷம் வெளியிடுதாவ, அதுல எஸ்எஸ்டி வருஷத்துக்கு சுமாரா நூத்துக்கு ஒண்ணு போவுது. டொராண்டோ பல்கலைக்கழகத்துல இருந்து கூகுள்காரங்களோட சேந்து 2016ல ஒரு ஆய்வு வந்துது, கூகுள் டேட்டா சென்டர்ல ஆறு வருஷம் ஓடுன ஃபிளாஷ் டிரைவ்களைப் பாத்துருக்காவ. ஹார்ட் டிஸ்க்கை விட எஸ்எஸ்டியை மாத்த வேண்டி வந்தது குறைவு, ஆனா திருப்பி எடுக்க முடியாத ரீட் எரர் அதிகம், எவ்வளவு எழுதுனோம்ங்கது மட்டும் இல்லை, எத்தனை வருஷம் ஆச்சுங்கதும் முக்கியமா இருக்குன்னு சொன்னாவ. அதாவது டிரைவ் ஓடிக்கிட்டே இருக்கும், உள்ள ஒண்ணு ரெண்டு ஃபைல் திறக்காது. பாப்பாவோட காதுகுத்து போட்டோல ஒண்ணு பாதி சாம்பல் கலர்ல வந்தா யாரும் எஸ்எஸ்டியைச் சந்தேகப்படுததில்லை, வாட்ஸ்அப்பு கெடுத்துட்டுன்னு விட்டுருதாவ.

எங்க ஊருல அடிக்கடி கரண்ட் போவும், அதனால கெடுமா?

கெடும், நம்ம பக்கம் இதுதான் பெரிய கேள்வி. எஸ்எஸ்டி ஓடும்போது எது எங்க இருக்குங்க அட்டவணையைக் கொஞ்சம் ரேம்ல வச்சு வேலை பாத்துட்டு அப்பப்ப ஃபிளாஷ்ல எழுதி வைக்கும், அதை எழுதுத நேரத்துல பொசுக்குன்னு கரண்ட் போனா அட்டவணை அரையும் குறையுமா நின்னுரும். பெரும்பாலான நேரம் அடுத்த தடவை ஆன் பண்ணும்போது அதுவே சரி பண்ணிக்கிடும், சில நேரம் முடியாது. சர்வருக்குன்னு செஞ்ச எஸ்எஸ்டில இதுக்காகவே போர்டுல கெப்பாசிட்டர் வரிசையா வச்சிருப்பான், கரண்ட் போனாலும் கையில இருக்கதை எழுதி முடிக்க அந்தக் கொஞ்ச நேரம் போதும். நம்ம வாங்குத சாதா எஸ்எஸ்டில அது பெரும்பாலும் கிடையாது.

லேப்டாப்புக்குக் கவலை இல்லை, பேட்டரி இருக்கு, பேட்டரி செத்துப்போயி எந்நேரமும் சார்ஜர்ல ஓட்டுத லேப்டாப்னா அதுவும் டெஸ்க்டாப்பும் ஒண்ணுதான். டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ் கட்டாயம். நிறைய பேரு வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கேங்காவ, அது கரண்ட் போனதும் மாறுததுக்குள்ள ஒரு இடைவெளி விடும், ஃபேனுக்கு அது தெரியாது, கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆயிரும். பல இன்வெர்ட்டர்ல பின்னாடி யுபிஎஸ் மோடு, ஈக்கோ மோடுன்னு ஒரு சுவிட்ச் இருக்கும், அதை யுபிஎஸ்ல போட்டா அந்த இடைவெளி குறையும், கம்ப்யூட்டர் அணையாது. ஐப்பசி, கார்த்திகையில இடி மின்னல் வந்தா பிளக்கையே உருவிருங்க, மோடத்துல இருந்து வார நெட் வயரையும் சேத்து.

கரண்ட் போயி வந்த பிறகு எஸ்எஸ்டியைக் காணலைன்னா உடனே தூக்கிப் போட்டுராதிய. சாட்டா எஸ்எஸ்டின்னா (ஹார்ட் டிஸ்க் மாதிரியே டேட்டாவுக்கும் பவருக்கும் தனித்தனியா மாட்டுத ரகம்) டேட்டா வயரை மட்டும் கழட்டிட்டு பவர் வயரோட மட்டும் 20 நிமிஷம் விடுங்க, பிறகு பவரை எடுத்துட்டு அரை நிமிஷம் பொறுத்து மறுபடியும் 20 நிமிஷம். உள்ள கன்ட்ரோலர் தன் அட்டவணையைத் திருப்பிக் கட்டிக்கிட அவகாசம் கிடைக்கும், க்ரூஷியல் கம்பெனியே இந்த வழியைச் சொல்லிருந்துது. எழும்பி வந்தா முதல் வேலை காப்பி எடுக்கது, மத்ததெல்லாம் பிறகு.

அக்னி நட்சத்திர வெயில்ல கெட்டுப்போவுமா?

ஓடும்போது இல்லை. சாதா எஸ்எஸ்டி 70 டிகிரி வரைக்கும் ஓடும்னு கம்பெனி சொல்லுது, பாளையில 40 டிகிரி தாண்டுனாலும் அது பொறுத்துக்கிடும். என்விஎம்இ ரகம் (மதர்போர்டுலயே நேரா சொருகுத வேகமான எஸ்எஸ்டி) பெரிய ஃபைல் காப்பி போடும்போது ரொம்பச் சூடாவும், சூடானா அதுவே வேகத்தைக் குறைச்சுக்கிடும். லேப்டாப்பை மெத்தை மேல வச்சு ஓட்டாதிய, டெஸ்க்டாப்ல ஒரு சின்ன ஹீட் சிங்க் (சூட்டை இழுத்து வெளிய விடுத உலோகத் தகடு) போடுங்க, போதும்.

கல்ஃப்ல வேலை பாக்கேன், லேப்டாப்பை வீட்டுல வச்சுட்டு ரெண்டு வருஷம் கழிச்சு வாரேன், டேட்டா இருக்குமா?

இது நல்ல கேள்வி, வெயில் பிரச்சனை நிஜமா வாரது இங்கதான். கரண்ட் இல்லாமச் சும்மா கிடக்க எஸ்எஸ்டில அந்த எலக்ட்ரான் மெள்ளக் கசியும், சூடு கூடக் கூடக் கசிவும் கூடும். ஜெடெக்னு ஒரு தர நிர்ணய அமைப்பு வச்சிருக்க விதிப்படி, சாதா எஸ்எஸ்டி தன்னோட எழுதுத அளவு முழுசும் தீந்த நிலையிலயும் 30 டிகிரி சூட்டுல கரண்ட் இல்லாம ஒரு வருஷம் டேட்டாவை வச்சிருக்கணும். பல பேரு இதைத் தப்பா எடுத்துக்கிட்டு எல்லா எஸ்எஸ்டியும் ஒரு வருஷத்துல அழிஞ்சுரும்னு பரப்பிட்டாவ. அதிகம் எழுதாத புது எஸ்எஸ்டி அதைவிட ரொம்ப நாள் தாங்கும்.

ஆனா மொட்டை மாடிக்கு நேர் கீழ இருக்க ரூம்ல, இரும்பு பீரோவுக்குள்ள, மே மாசத்துல 30 டிகிரியா இருக்கும்? அதனால விமானம் ஏறுததுக்கு முன்னாடி முக்கியமானதை ஒரு ஹார்ட் டிஸ்க்ல காப்பி எடுத்துருங்க, எஸ்எஸ்டியைக் கீழ் ரூம்ல குளிர்ச்சியான இடத்துல வைக்கச் சொல்லுங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வீட்டுல யாரையாவது ஆன் பண்ணிச் சில மணி நேரம் ஓட விடச் சொல்லுங்க, முடிஞ்சா ஃபைல் எல்லாத்தையும் ஒரு தடவை வேற டிஸ்க்குக்குக் காப்பி போட்டா இன்னும் நல்லது, எல்லாத்தையும் ஒருக்க படிச்சாத்தான் பலவீனமான இடம் கன்ட்ரோலருக்கே தெரிய வரும். சாம்சங் 840 ஈவோல பழைய ஃபைலைப் படிக்கும்போது மட்டும் வேகம் படுத்துருச்சுல்லா, அதுக்கும் காரணம் இந்த எலக்ட்ரான் நகர்வுதான், 2014 அக்டோபர்ல ஒரு தடவை, 2015 ஏப்ரல்ல இன்னொரு தடவைன்னு ஃபர்ம்வேர் விட்டு, பழைய டேட்டாவை அப்பப்ப திருப்பி எழுத வச்சுத்தான் தீத்தாவ.

டிஎல்சி, கியூஎல்சி எதை வாங்க?

ஒரு செல்லுல மூணு பிட் வச்சா டிஎல்சி, நாலு பிட் வச்சா கியூஎல்சி. மூணு பிட்டுக்கு 8 நிலை, நாலு பிட்டுக்கு 16 நிலை, அதே இடத்துல அவ்வளவு நெருக்கமா பிரிச்சுப் பாக்கணும், அதனால கியூஎல்சி தேய்மானமும் சீக்கிரம், நிறைய எழுதும்போது ஆரம்பத்துல வேகமா போயிட்டு பிறகு ஹார்ட் டிஸ்க்கை விட மோசமா நொண்டும். சாம்சங்லயே 1 டிபி 870 ஈவோ 600 டிபிடபிள்யூ, கியூஎல்சி போட்ட 870 கியூவோ 360தான். படம் பாக்க, பாட்டு வைக்க கியூஎல்சி போதும். வேலைக்குன்னா டிஎல்சி.

எந்தக் கம்பெனி நல்லது?

சிப்பைத் தானே செய்யுத கம்பெனியா பாத்து வாங்குங்க, சாம்சங், மைக்ரான், எஸ்கே ஹைனிக்ஸ், கியாக்ஸியா, முன்னாடி டபிள்யூடியோட சேந்திருந்த சான்டிஸ்க் பக்கம் உள்ளது. பேர் தெரியாத கம்பெனி கையில கிடைச்ச சிப்பை ஒட்டி விப்பான், இந்த மாசம் ஒண்ணு அடுத்த மாசம் ஒண்ணு. பெரிய கம்பெனியும் இதுல சுத்தம் இல்லை, க்ரூஷியல் பி2 டிஎல்சில இருந்து கியூஎல்சிக்கு மாறுனதும், டபிள்யூடி எஸ்என்550ல வேகம் குறைஞ்ச சிப்பு வந்ததும் 2021ல வெளிய தெரிஞ்சுது, ரெண்டும் அதே பேர்ல, அதே டப்பாவுல. முதல்ல வந்த ரிவ்யூவைப் பாத்து வாங்குனவங்க பணத்துக்கு என்ன பதில்? எனக்கு இதுல இன்னைக்கும் கோவம் உண்டு.

ஆன்லைன்ல 2 டிபி எஸ்எஸ்டி ஆயிரம் ரூவான்னு வருதே?

வாங்காதிய. திறந்து பாத்தா உள்ள ஒரு பச்சைக் கலர் போர்டு, அதுல செல்லுல போடுத மெமரி கார்டு ஒண்ணைச் சொருகி பசை ஊத்தி வச்சிருப்பான், கனம் தெரியணும்னு ஒரு இரும்புத் துண்டும் கிடக்கும். விண்டோஸ்ல 2 டிபின்னு காட்டுத மாதிரி பொய் சொல்ல வச்சிருப்பான், 64 ஜிபி தாண்டுனதும் பழசு மேலயே எழுதும், ஃபைல் பேரு இருக்கும், திறந்தா ஒண்ணும் வராது. சந்தேகம் இருந்தா எச்2டெஸ்ட்டபிள்யூங்க இலவச சாஃப்ட்வேரை ஓட்டுங்க, டிரைவ் முழுக்க எழுதித் திருப்பிப் படிச்சுக் காட்டிரும். ஒண்ணு மட்டும், நல்ல சாட்டா எஸ்எஸ்டிலயும் போர்டு சின்னதாத்தான் இருக்கும், டப்பாவுல பாதி காலியா கிடக்கும், அதை வச்சு டூப்ளிகேட்னு முடிவு பண்ணிராதிய.

ஹெல்த் 98 சதவீதம்னு காட்டுது, நிம்மதியா இருக்கலாமா?

அந்த 98 தேய்மானத்தை மட்டும்தான் சொல்லுது, கன்ட்ரோலர் நாளைக்கு இருக்குமான்னு அதுக்குத் தெரியாது. டிஸ்க் நிலைமையைக் காட்டுத கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோங்க சாஃப்ட்வேரைத் திறந்தா அதுக்குக் கீழ இருக்க வரிசையைப் பாருங்க. என்விஎம்இல மீடியா எரர் எண் பூஜ்யமா இருக்கணும், ஒண்ணு ஏறுனாலே காப்பி எடுக்க வேண்டிய நேரம் வந்தாச்சு. அவைலபிள் ஸ்பேர் (மிச்சம் இருக்க உபரி பிளாக்) 100ல இருந்து இறங்குதான்னு பாருங்க. அன்சேஃப் ஷட்டவுன் எண் ஏறிக்கிட்டே போனா உங்க கரண்டையும் யுபிஎஸ்ஸையும் கவனிங்க. சாட்டால சிஆர்சி எரர் (வயர் வழியா டேட்டா போவும்போது வார தப்பு) ஏறுனா எஸ்எஸ்டி மேல தப்பு இல்லை, வயரை மாத்துங்க.

ஃபுல்லா அடைச்சு வைக்கலாமா? டிஃப்ராக் பண்ணணுமா?

பத்துல ஒரு பங்காவது காலியா விடுங்க. டிஃப்ராக் (சிதறிக் கிடக்க ஃபைல் துண்டுகளை ஒண்ணு சேக்கது) வேண்டாம், விண்டோஸ் 8ல இருந்து ஆப்டிமைஸ்னு அழுத்துனா எஸ்எஸ்டிக்கு ட்ரிம்தான் (அழிச்ச ஃபைல் இருந்த இடம் காலின்னு எஸ்எஸ்டிக்குச் சொல்லுதது) பண்ணும், அதை அப்படியே ஆன்ல விட்டுருங்க.

செத்த எஸ்எஸ்டில இருந்து டேட்டா எடுக்க முடியுமா?

ஹார்ட் டிஸ்க் அளவுக்கு முடியாது. டேட்டா பல சிப்புல சிதறிக் கிடக்கும், பல மாடல்ல கன்ட்ரோலரே உள்ளுக்குள்ள பூட்டுப் போட்டுத்தான் எழுதும், சிப்பை மட்டும் பெயர்த்து எடுத்தா வெறும் குப்பைதான் கிடைக்கும். பெரிய ஊரு லேபுக்கு அனுப்பலாம், செலவு ஆயிரக்கணக்குல போவும், கிடைக்கும்னு யாரும் எழுதித் தர மாட்டாவ. தெரியாம டெலீட் பண்ணுனதும் அப்படித்தான், ட்ரிம் ஓடிட்டா தலைகீழா நின்னாலும் வராது.

இன்னொண்ணு, எஸ்எஸ்டி நல்லா இருந்தும் டேட்டா போவுத வழி ஒண்ணு உண்டு. விண்டோஸ் 11 போட்ட புது லேப்டாப்ல நம்மளுக்குத் தெரியாமலே பிட்லாக்கர் (டிஸ்க்ல உள்ளதைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) ஆன் ஆயிருக்கும், மதர்போர்டு போச்சுன்னு எஸ்எஸ்டியைக் கழட்டி வேற மெஷின்ல போட்டா 48 இலக்க ரெக்கவரி கீ கேக்கும். அது மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல இருக்கும், அந்த அக்கவுண்ட் கடைக்காரப் பையன் மெயில் ஐடியில ஆரம்பிச்சதா இருந்தா முடிஞ்சுது கதை. இன்னைக்கே லாகின் பண்ணி அந்த கீயை எடுத்து ஒரு பேப்பர்ல எழுதி பீரோவுல வைங்க.

வெள்ளத்துல நனைஞ்சதை என்ன செய்ய?

2023 டிசம்பர் 17, 18ல தாமிரபரணி ஜங்ஷன் பக்கமெல்லாம் ஏறுனப்போ எத்தனை கடையில கம்ப்யூட்டர் முங்குச்சுன்னு நம்ம ஆளுங்களுக்குச் சொல்ல வேண்டாம். உள்ள சுத்துத பாகம் எதுவும் இல்லாததால நனைஞ்ச எஸ்எஸ்டி பொழைக்க வாய்ப்பு ஹார்ட் டிஸ்க்கை விட நல்லாவே உண்டு, ஒரே நிபந்தனை, ஓடுதான்னு பாப்போம்னு ஆன் பண்ணிராதிய. கழட்டி, மூடியைத் திறந்து, சேறு போவ டிஸ்டில்டு வாட்டர்ல அலசி, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால மெல்லிசு பிரஷ்ஷை வச்சுத் தேச்சு, நிழல்ல ரெண்டு நாள் காய விட்டுட்டு வேற நல்ல மெஷின்ல மாட்டுங்க. தண்ணிக்குள்ள இருக்கும்போதே கரண்ட் ஓடிருந்தா நம்பிக்கை கம்மி.

பேக்கப் எப்படித்தான் எடுக்க? சுருக்கமாச் சொல்லுங்க.

மூணு காப்பி, ரெண்டு வேற ரகத்துல, ஒண்ணு வேற இடத்துல. ஸ்டூடியோன்னா வேலை பாக்க எஸ்எஸ்டி, கேமரா கார்டுல இருந்து எஸ்எஸ்டிக்குப் போட்ட கையோட ஒரு ஹார்ட் டிஸ்க்லயும் போடுங்க, ஆல்பம் டெலிவரி ஆவுத வரைக்கும் கார்டை ஃபார்மட் பண்ணாதிய, இன்னொரு ஹார்ட் டிஸ்க் கடையில இல்லாம வீட்டுல இருக்கட்டும். கடைக் கணக்குன்னா டாலி பேக்கப்பைத் தினமும் சாயங்காலம் பென் டிரைவ்லயும், வாரம் ஒரு தடவை கூகுள் டிரைவ்லயோ வேற கிளவுட்லயோ போட்டு வைங்க, சில எம்பிதான் வரும். மாசம் ஒருக்க அதுல ஒரு ஃபைலைத் திறந்தும் பாருங்க, திறக்காத பேக்கப்பை வச்சுக்கிட்டு வருஷக் கணக்கா நம்பிக்கிட்டு இருந்தவங்களை நான் பாத்துருக்கேன்.

வாரண்டிக்கு அனுப்புனா டேட்டாவோட சரி பண்ணித் தருவாவளா?

மாட்டாவ. வேற எஸ்எஸ்டி மாத்தித் தருவாவ, பழசும் அதுல உள்ளதும் திரும்பி வராது, வாரண்டியில எந்தக் கம்பெனியும் டேட்டாவுக்குப் பொறுப்பு எடுக்கதில்லை. உள்ள வீட்டுப் போட்டோ, ஆதார் காப்பி, பேங்க் விவரம்னு இருந்து, செத்த டிரைவை அழிக்கவும் வழி இல்லைன்னா யோசிச்சு அனுப்புங்க, முதல்லயே பிட்லாக்கர் போட்டு கீயைப் பத்திரமா வச்சிருந்தா அந்தக் கவலை இருக்காது. ஜிஎஸ்டி பில்லு கட்டாயம் வேணும், வெயில்ல ஆறு மாசத்துல அந்தத் தெர்மல் பேப்பர் வெளுத்துரும், வாங்குன அன்னைக்கே பில்லையும் டிரைவ் மேல இருக்க சீரியல் நம்பரையும் ஒரு போட்டோ எடுத்து மெயில்ல போட்டு வைங்க.